பட்டை அயிரையைத் தேடிய மூன்று கோடைகள்: ஜவ்வாது மலையடிவாரக் கானாறு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தெற்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக நிற்கிறது. செய்யாறு, நாகநதி முதலிய பாலாற்றுப் படுகையின் ஆறுகள் பல இங்கேதான் பிறக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகளை இப்பகுதியில் கானாறு என்பார்கள். பெரும்பாலான கானாறுகள் மழை நின்ற சில வாரங்களில் வெறும் மணலும் கல்லுமாகிவிடும். ஒரு சிலவற்றில் மட்டும், பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்றுக்கண் ஒன்று சித்திரை வெயிலிலும் சில மடுக்களை நனைத்து வைத்திருக்கும். ஒரு காலத்தில் பாலாற்று மணலிலேயே ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சினார்கள். மணலும் நிலத்தடி நீரும் குறைந்தபின் அந்த ஊற்றுக்கால்கள் பெரும்பாலும் வறண்டுவிட்டன. ஆண்டு முழுவதும் நீரை நம்பி வாழும் சிறு மீன்களுக்கு மலையடிவார ஊற்றுகளே இன்று எஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானவை.

இந்த ஆய்வில் கூறப்படுவது அத்தகைய ஒரு கானாற்றில் 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை நடந்த தேடலைப் பற்றியது. குழுவில் நால்வர் இருந்தோம்: பள்ளி ஆசிரியராகிய நான், கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர், அவருடைய மாணவர்கள் இருவர். மாணவர்களில் ஒருவரின் ஆயா அந்த ஓடையின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். துணி துவைக்கப் போகும்போது, குழம்புக்கு அரித்தெடுக்கும் சாதாரண அயிரையோடு, உடம்பில் குறுக்காகக் கறுப்புப் பட்டை போட்ட வேறொரு அயிரையும் சிறு வயதில் பார்த்திருப்பதாக அவர் பேரனிடம் சொல்லியிருந்தார். தேடலுக்கு அந்த ஒரு வாக்கியமே தொடக்கம். ஓடையின் பெயரையும் ஊரின் பெயரையும் நாங்கள் எங்கும் எழுதுவதில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

முதல் தேடல்: 2022 டிசம்பர்

மாண்டஸ் புயல் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபின் வேலூர்ப் பக்கமும் நல்ல மழை பெய்தது. ஓடையில் நீர் நிறைந்திருக்கும்போது மீனும் நிறைந்திருக்கும் என்று எண்ணி, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இறங்கினோம். காப்புக்காட்டின் எல்லைக்குக் கீழே, ஓடைப் புறம்போக்காக உள்ள ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டரை ஆறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, கொசுவலைத் துணியை இருவர் இரு முனையில் பிடித்து அரித்தும், பறி வைத்தும் இரண்டு நாள் தேடினோம்.

கிடைத்தவை பல. உடலின் பக்கவாட்டில் ஒற்றைக் கருங்கோடு ஓடும் ராஸ்போரா, நீலமும் மஞ்சளும் மின்னும் டெவாரியோ, நீள்மூக்குக் கெண்டை, வழக்கமான அயிரை, கல்லடியில் பதுங்கும் பாறைக் குரவை ஆகியவை மேல் துண்டுகளில் இருந்தன. கீழே, ஓடை ஏரிக்குள் சேரும் பகுதியில் ஜிலேபிக் கெண்டையும் கப்பியும்தான் மிகுதி. ஜிலேபிக் கெண்டை 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். அது பெருகிய மடுக்களில் நாட்டு மீன்கள் எங்கள் வலையில் மிகச் சிலவே வந்தன. பட்டை போட்ட அயிரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அன்று ஒவ்வொரு துண்டிலும் நீரின் வெப்பத்தை அளந்து குறித்தோம். ஊற்றுக்கண் அருகே 26.4 டிகிரி, நானூறு மீட்டர் கீழே காலையில் 23 டிகிரி. மலையிலிருந்து வரும் நீர் மேலே சூடாகவும் கீழே குளிர்ச்சியாகவும் இருப்பது ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. தேடலுக்குத் தேவையான விடை அந்தக் குறிப்பேட்டிலேயே இருந்தது, படிக்கத் தெரியாமல் ஐந்து மாதம் போயிற்று.

ஆயா சொன்னது

பொங்கலுக்குப்பின் ஆயாவை நேரில் போய்ப் பார்த்தோம். தேடி வெறுங்கையோடு திரும்பியதைக் கேட்டதும் அவர், "மழைத் தண்ணியில வந்து தேடினா அது எங்க சார் கெடைக்கும்? அது ஓடுற தண்ணி மீனு இல்ல, ஊத்துத் தண்ணி மீனு. பங்குனி சித்திரையில வாங்க. ஊத்துகிட்ட கல்லைப் பெரட்டிப் பாருங்க" என்றார். வலையை இழுத்தால் அது கல்லுக்குள் போய்விடும் என்றும், கல்லை மெதுவாகத் தூக்கி, அதற்குக் கீழ்ப்புறம் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும் என்றும் கையால் செய்து காட்டினார்.

அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். பேரன் சொன்ன வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அதைச் சொன்னவரைப் பார்க்காமலே ஓடையில் இறங்கியது எங்கள் முதல் தவறு. மீனின் இடத்தையும் பருவத்தையும் பிடிக்கும் முறையையும் அவர் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்தார்.

ஊற்றின் இயல்பையும் பிறகு கொஞ்சம் படித்துக்கொண்டோம். இந்த மலை கடினப் பாறையால் ஆனது. மழைநீர் மேலே சிதைந்த மண்படலத்திலும் பாறையின் வெடிப்புகளிலும் இறங்கி, நிலத்துக்குள் பல மாதம் தங்கி, அடிவாரத்தில் வெளிவருகிறது. நிலத்துக்குள் கிடந்த நீருக்குக் கோடையும் குளிரும் பெரிதாகத் தெரியாது. மார்கழியில் ஓடைநீரைவிட இதமாகவும் வைகாசியில் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருப்பது அதனால்தான். மழைக்காலத்தில் ஓடை முழுவதும் பரவிவிடும் மீன், நீர் வற்ற வற்ற இந்த ஒரே இடத்தில் ஒதுங்குகிறது. டிசம்பரில் நாங்கள் தேடியது, மீன் சிதறிக் கலங்கல் நீருக்குள் கல்லடியில் மறைந்திருக்கும் காலம்.

2023 மே: கண்டதும் இழந்ததும்

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த மே இரண்டாம் வாரத்தில் மீண்டும் போனோம். ஓடையின் பெரும்பகுதி காய்ந்திருந்தது. ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இருபது மீட்டர் நீளத்துக்கு மட்டும் முழங்கால் அளவு நீர் இருந்தது. ஊற்றருகே வெப்பம் 26.8 டிகிரி. கீழே தேங்கிய குட்டை ஒன்றில் 33. டிசம்பருக்கும் மேக்கும் இடையே ஊற்று அரை டிகிரிகூட மாறவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தோம்.

பட்டை அயிரை ஊற்றுக்கண்ணிலேயே இல்லை. நிலத்திலிருந்து அப்போதுதான் வெளிவரும் நீரில் உயிர்வளி குறைவாக இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி, நீர் கூழாங்கற்களின்மேல் உடைந்து ஓடத் தொடங்கும் இடத்தில், ஆயா சொன்னபடி கல்லைத் தூக்கியதும் துண்டில் விழுந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் பதினொன்றைப் பார்த்தோம். ஐந்து சென்டிமீட்டருக்குள் நீளம், மஞ்சளோடிய பழுப்பு உடல், குறுக்கே கரும்பட்டைகள், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு, கீழ்நோக்கிய வாய், மூன்று இணை மீசை. சாதாரண அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே சிறு முள் உண்டு. கையில் எடுத்தால் அது விரலில் தைக்கும், வலையில் மாட்டும். இந்த மீனுக்கு அந்த முள் இல்லை. ஆயா "வேற அயிரை" என்று சொன்னது வெறும் நிற வேறுபாடன்று. குடும்பமே வேறு என்பதற்கு அந்த முள்ளின்மை ஒன்றே போதும்.

அதன்பின் நடந்ததை விரிவாக எழுதுவது கடமை என்று நினைக்கிறேன். படம் எடுப்பதற்காக ஏழு மீன்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்று நீரோடு போட்டு, புங்க மரத்து நிழலில் வைத்தோம். கேமராவையும் கண்ணாடித் தொட்டியையும் தயார் செய்வதில் நேரம் போனது. நிழல் நகர்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தபோது வாளியின் நீர் 34 டிகிரியைத் தொட்டிருந்தது, நான்கு மீன்கள் இறந்து மிதந்தன. மற்ற மூன்றை உடனே ஊற்றருகே விட்டோம். அவை நீந்திச் சென்றதைப் பார்த்தோம், பிழைத்தனவா என்று சொல்ல வழியில்லை.

காரணம் தெளிவானது. நீர் சூடாகும்போது அதில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், 34 டிகிரியில் ஏழு அளவே. மீனின் தேவையோ சூட்டோடு ஏறுகிறது. அசையாத வாளி நீரில் ஏழு மீன்கள் இருந்தால் உள்ளதும் விரைவில் தீர்ந்துவிடும். எடுத்த நீரோ ஊற்று நீர். தொடக்கத்திலேயே அதில் உயிர்வளி நிறைவாக இருந்திருக்காது. ஆண்டு முழுதும் ஒரே வெப்பத்தில் வாழும் மீனுக்கு ஏழு டிகிரி ஏற்றம் என்ன செய்யும் என்பதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும். பதினொன்றே கண்ட இடத்தில் நான்கைக் கொன்றோம். அன்று மாலை ஆயாவிடம் அதைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "அதுங்க சூடு தாங்காது சார், அதனாலதானே ஊத்துல கெடக்குது" என்று மட்டும் சொன்னார்.

இறந்த மீன்களையாவது பயனுள்ளதாக்க நினைத்தபோது இரண்டாவது பிழை நேர்ந்தது. பள்ளி ஆய்வகத்தில் இருந்தது ஃபார்மலின் மட்டும். நான்கையும் அதில் போட்டோம். பின்னர் மீன் வகைப்பாட்டில் அனுபவமுள்ள ஓர் அறிஞர் அவற்றைப் பார்த்து, ஸ்கிஸ்டுரா பேரினத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொன்னார். எந்த இனம் என்பதைப் பிரிக்க மரபணுப் பரிசோதனை வேண்டும் என்றும், ஃபார்மலினில் கிடந்த உடலிலிருந்து அதைச் செய்வது மிகக் கடினம் என்றும் கூறினார். ஒரு மீனின் துடுப்பில் சிறு துணுக்கையேனும் வெட்டி அடர்ந்த எரிசாராயத்தில் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். இனத்தின் பெயர் தெரியாமலே இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, இனம் எது என்று அறிவதற்காக மேலும் மீன் பிடிக்கக் கூடாது என்பது. கல்லூரி ஆசிரியர் இதை ஏற்கத் தயங்கினார். பெயர் தெரியாத மீனை யாரும் காக்க முன்வர மாட்டார்கள் என்பது அவர் வாதம், அதில் உண்மை உண்டு. ஆனால் எத்தனை மீன்கள் எஞ்சியிருக்கின்றன என்பது தெரியும்வரை பொறுப்பதென்று ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, இடத்தை வெளியிடாமை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிஸ் கேரளா என்று கடைக்காரர்கள் அழைக்கும் செங்கோட்டுக் கெண்டை, அலங்கார மீன் வணிகத்துக்காக ஓடைகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டு அருகிவரும் இனமாகிவிட்டது. பட்டை போட்ட சிறு அயிரைக்கும் தொட்டி வளர்ப்போரிடம் விலை உண்டு. இருபது மீட்டர் நீரில் வாழும் கூட்டத்தை ஒரே நாளில் ஒருவர் அள்ளிச் சென்றுவிட முடியும். எனவே ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் மீனைப் பதிவு செய்தோம், ஊற்றின் இருப்பிடத்தைக் குறிக்கவில்லை.

மூன்றாவது நாங்கள் எதிர்பாராதது. அந்த ஆண்டு ஜூலையில் ஊற்றை ஆழப்படுத்தி, அடியிலும் சுற்றிலும் சிமென்ட் பூசிக் குடிநீர்த் தொட்டியாக்கும் யோசனை ஊரில் எழுந்தது. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றும்போது பெண்கள் ஒரு கிலோமீட்டர் நடந்து குடம் சுமக்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயமானது. மீனுக்காகக் குடிநீரை விடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. அப்படிப் பேசியிருந்தால் தோற்றிருப்போம், தோற்பது நியாயமாகவும் இருந்திருக்கும். "மீன் வாழ்ந்தால் தண்ணீர் குடிக்க நல்லது என்று சொல்லிப் பாருங்கள்" என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அது உண்மையன்று. மீன் வாழும் நீரிலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். அதைச் சொல்ல மறுத்தோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் வேறு விதமாகப் பேசினோம். கசிவு வரும் பாறை வெடிப்புக்கு மேல்புறம், பக்கவாட்டில் ஓர் உறைகிணறு இறக்கலாம். நீர் அங்கே சேரட்டும். நிரம்பி வழிவது பழைய மடுவுக்கு வரட்டும். மடுவின் கூழாங்கல் தரையைத் தொடாமல் விடலாம் என்றோம். ஊற்றின் தரையில் சிமென்ட் பூசினால் அடியிலிருந்து வரும் கசிவும் அடைபட்டு நீரே குறையக்கூடும் என்பதை, முன்பு கிணறு வெட்டிய அனுபவமுள்ள முதியவர் ஒருவர் எழுந்து சொன்னார். எங்கள் வாதத்தைவிட அவர் பேச்சுக்கே சபை செவிசாய்த்தது. ஆயாவும் அன்று வந்திருந்தார்.

கூட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு செய்தி வந்தது. டெங்குத் தடுப்புக்காக ஊற்று மடுவில் கப்பி மீன் விடும் எண்ணம் சுகாதாரப் பணியாளர்களுக்கு இருந்தது. டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டுத் தொட்டி, பழைய டயர், தேங்காய் ஓடு போன்ற சிறு கொள்கலன்களில் முட்டையிடுவது. ஓடும் ஊற்று நீரில் அதற்கு வேலையில்லை. இதை எடுத்துச் சொன்னதும், மூடிய சிமென்ட் தொட்டிகளில் மட்டும் கப்பி விடுவதாக மனமுவந்து ஏற்றார்கள். தலையுச்சியில் வெள்ளைப் பொட்டு மின்னும் நாட்டு மீனாகிய ஆப்லோகைலஸும் கொசுப்புழுவை உண்ணும் என்பதால், அடுத்த முறை அதையே பயன்படுத்திப் பார்க்கலாம் என்றும் பேசிக்கொண்டோம்.

தொடர்ந்து நடந்தவை

உறைகிணறு 2024 பிப்ரவரியில் முடிந்தது. வேலை நடந்தபோது இரண்டு நாள் மடு சேறாகக் கலங்கியதால் மனம் பதைத்தது. அந்தக் கோடையில், வேலூரில் வெயில் 40 டிகிரியைப் பலநாள் தாண்டியிருந்தபோதும், வழிநீர் நிற்கவில்லை. மே மாதம் வலையோ துண்டோ இல்லாமல், கரையில் அமர்ந்து நீருக்குள் பார்த்து எண்ணினோம். அதிகாலையில் ஒரு முறையும் அந்தியில் ஒரு முறையும் எண்ணியதில், ஒரே நேரத்தில் கண்ணில் பட்டவை அதிக அளவாக ஒன்பது. கல்லடியில் இருப்பவை இதில் சேரா. முந்தைய ஆண்டு கல்லைப் புரட்டி எண்ணியதோடு இதை ஒப்பிட முடியாது என்பதையும் சேர்த்தே பதிவு செய்தோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஜவ்வாது மலையிலும் கொட்டித் தீர்த்தது. கானாறு பெருகி, மடுவில் ஏறக்குறைய பாதியை மணலால் நிரப்பிவிட்டது. உறைகிணறு தப்பியது. 2025 ஏப்ரலில் போனபோது பழைய இடத்தில் மூன்று பட்டை அயிரைகளே தெரிந்தன. அன்று முழுதும் எங்களுக்குள் பேச்சில்லை. மாலையில் மாணவர்களில் ஒருவர் அறுபது மீட்டர் கீழே, நாவல் மரத்து வேர்களுக்கடியில் வெள்ளம் புதிதாகக் குடைந்திருந்த மடுவைக் கண்டார். நீர் 27 டிகிரி. அங்கும் ஒரு கசிவு இருந்திருக்கிறது, நாங்கள் அறியவில்லை. வேர்களுக்கிடையே ஐந்தோ ஆறோ பட்டை அயிரைகள் இருந்தன, அவற்றில் இரண்டு மிகச் சிறியவை, அந்த ஆண்டின் குஞ்சுகளாக இருக்க வேண்டும்.

மீண்டும் செய்வதானால்

முதலில் கரையில் வாழும் முதியவர்களிடம், குறிப்பாக ஓடையில் துணி துவைத்த, மீன் அரித்த பெண்களிடம் பேசிவிட்டே நீரில் இறங்குவோம். அவர்களிடம் "அரிய மீன் உண்டா" என்று கேட்டால் பதில் வராது. எந்தெந்த அயிரை, எந்த மாதம், எந்தக் கல்லடி என்று கேட்க வேண்டும்.

தேடலுக்கு முன் ஓடை முழுவதும் வெப்பமானியோடு நடப்போம், மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை. இரண்டு பருவத்திலும் அளவு மாறாத இடங்களே ஊற்றுகள். நாவல் மரத்தடிக் கசிவை முதல் ஆண்டே கண்டிருந்தால், ஒரே மடுவை நம்பியிருக்கும் கூட்டம் என்று இரண்டு ஆண்டுகள் அஞ்சியிருக்க மாட்டோம்.

மீனைக் கையில் எடுக்க நேர்ந்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கேமராவும் கண்ணாடித் தொட்டியும் நீரோரத்தில் தயாரான பிறகே கல்லைத் தூக்குவோம். படம் எடுத்து இரண்டு நிமிடத்தில் அதே கல்லடியில் விடுவோம். தூக்கிய கல்லை அதே பக்கம் கீழிருக்குமாறு வைப்போம். தொட்டி நீரில் வெப்பமானி இருக்கும், ஊற்றைவிட இரண்டு டிகிரி ஏறினால் வேலை நிற்கும். காலை எட்டு மணிக்குமேல் மீனைத் தொடுவதில்லை. தற்செயலாக ஒன்று இறந்தால் ஃபார்மலினுக்கு முன் துடுப்புத் துணுக்கு எரிசாராயத்துக்குப் போகும்; அதற்கான சிறு குப்பி ஒன்று இப்போது எங்கள் பையில் எப்போதும் இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் இதே ஓடையின் மேல்பகுதியில் இன்னும் இரண்டு ஊற்றுகள் உண்டென்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். அங்கே போவதற்கு மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பித்திருக்கிறோம். அனுமதி கிடைத்தால், வரும் மார்கழியில் முதலில் வெப்பமானி மட்டும் எடுத்துச் செல்வோம்.